டி.என்.ஏ எடுக்கும்போது ஏன் ஸ்பிரிட் ஊத்துறோம்? அக்கா பையன் கேட்ட ரெண்டு கேள்வி (நீளமான த்ரெட்)

1/
போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நைட் டூட்டி முடிச்சுட்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தாவது படிக்கிற அக்கா பையன் சமையல்கட்டை ரெண்டாக்கி வெச்சிருந்தான். ஸ்கூல் அறிவியல் கண்காட்சிக்கு வாழைப்பழத்துல இருந்து டி.என்.ஏ எடுக்கிறானாம்.

2/
செய்முறை ரொம்ப எளிசு. பழுத்த வாழைப்பழத்தை நல்லா மசிச்சு, தண்ணி, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் பாத்திரம் கழுவுற லிக்விட் சேர்த்துக் கலக்கணும். வடிகட்டணும். வடிஞ்ச சாறு மேல, ஜில்லுன்னு இருக்கிற ஸ்பிரிட்டை டம்ளர் ஓரமா மெதுவா ஊத்தணும். கொஞ்ச நேரத்துல ரெண்டும் சேர்ற இடத்துல வெள்ளையா, சளி மாதிரி, நூல் நூலா ஒண்ணு திரண்டு வரும். குச்சியால சுத்தி எடுக்கலாம்.

3/
எடுத்தான். குச்சியோட நேரா என்கிட்ட வந்தான்.
"மாமா, ஸ்பிரிட் ஊத்துனா மட்டும் இது ஏன் வெளிய வருது?"
"அது வீழ்படிவு ஆகுதுடா மாப்ள."
"அதான் ஏன் ஆகுது?"
எம்.பி.பி.எஸ் முதல் வருஷம் பயோகெமிஸ்ட்ரியில படிச்சு, பரீட்சையில எழுதி, மார்க்கும் வாங்கின விஷயம். ஆனா ஒரு பத்தாவது பையன் "ஏன்"னு கேட்டதும் பதில் தொண்டையிலயே நின்னுடுச்சு.

4/
அடுத்த கேள்வி அதைவிட மோசம்.
"சரி, இது டி.என்.ஏ தான்னு எப்படி மாமா தெரியும்?"
"புக்ல போட்டிருக்குல்ல?"ன்னு சொல்லிட்டு சாப்பிட உட்கார்ந்துட்டேன். பையன் முகம் சுருங்கிப்போச்சு.
அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்டினேன். நான் தட்டிக்கழிச்ச அந்த ரெண்டாவது கேள்விதான் டி.என்.ஏ-வோட வரலாறே. வாங்க, முதல்ல இருந்து பார்க்கலாம்.

5/
கதை தொடங்குற இடம் சீழ். ஆமாங்க, புண்ணுல வர்ற சீழ்தான்.
வருஷம் 1869. ஜெர்மனியில் டூபிங்கன் என்ற ஊர். அங்கே மலைமேல் இருக்கும் பழைய கோட்டையின் சமையலறையை ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். அதில் வேலை செய்தவர் ஃபிரீட்ரிக் மீஷர். சுவிட்சர்லாந்துக்காரர். மருத்துவம் படித்து முடித்தவர். வயது 24.

6/
மாணவராக இருந்தபோது வந்த ஒரு கடுமையான காய்ச்சல் அவருடைய காதை மந்தமாக்கிவிட்டது. நோயாளி சொல்வதே சரியாகக் கேட்காதபோது எப்படி வைத்தியம் பார்ப்பது? அதனால் உயிர்வேதியியல் பக்கம் திரும்பி, ஹோப்பே-ஸைலர் என்ற பெரிய பேராசிரியரிடம் சேர்ந்தார். செல்லுக்குள் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்கான வேலை.

7/
அதற்கு நிறைய செல் வேண்டும். எளிதாகவும் கிடைக்க வேண்டும். பக்கத்து அறுவை சிகிச்சை ஆஸ்பத்திரியில் இருந்து சீழ் ஊறிய கட்டுத்துணிகளை வாங்கினார். கிருமிநாசினி போட்டுப் புண்ணைச் சுத்தமாக வைக்கும் பழக்கம் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. அதனால் சீழுக்குப் பஞ்சமே இல்லை. சீழ் என்பது பெரும்பாலும் கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள்தான்.
கட்டு மாத்துற ரூம்ல தினமும் எவ்வளவு துணியைக் குப்பையில போடுறோம்! டி.என்.ஏ முதன்முதலா கிடைச்சது அந்தக் குப்பையிலதான்.

8/
இங்கதான் நம்ம ஹீரோ ஆல்கஹால் உள்ள வர்றார். ஆனா வேற வேஷத்துல.
மீஷர் அந்த செல்களைச் சூடான ஆல்கஹாலில் கழுவினார். எதற்கு? கொழுப்பை நீக்க. செல்லைச் சுற்றி இருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. அது ஆல்கஹாலில் கரைந்து போய்விடும். அடுத்து, பன்றியின் இரைப்பையில் இருந்து எடுத்த பெப்சினை விட்டுப் புரதத்தைச் செரிக்க வைத்தார். கடைசியில் உட்கரு மட்டும் மிஞ்சியது.

9/
அந்த உட்கருவை லேசான காரத்தில் கரைத்து, பிறகு அமிலம் சேர்த்தார். வெள்ளையாக ஒரு பொருள் படிந்தது. புரதமாக இருக்குமோ? பெப்சின் அதைச் செரிக்கவில்லை. சோதித்துப் பார்த்தால் பாஸ்பரஸ் நிறைய இருந்தது. அதுவரை தெரிந்த எந்தப் புரதத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. 'நியூக்ளின்' என்று பெயர் வைத்தார். நாம் டி.என்.ஏ என்று சொல்வது அதைத்தான்.

10/
குரு ஹோப்பே-ஸைலர் என்ன செய்தார் தெரியுமா? "பிரமாதம்"னு சொல்லி உடனே அச்சுக்கு அனுப்பலை. முதல்ல அந்தச் சோதனையைத் தானே செஞ்சு பார்த்தார். அதே முடிவு வந்த பிறகுதான், 1871-ல், கட்டுரை வெளிவந்தது.
அதாவது "இது அதுதான்னு எப்படித் தெரியும்?"ங்கிற கேள்வியை முதல்லயே கேட்டது அந்தக் குருதான். நான் தட்டிக்கழிச்சேன், அவர் தட்டிக்கழிக்கலை.

11/
இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. மீஷர் ஆல்கஹால்ல கழுவினப்போ கொழுப்பு கரைஞ்சு போச்சு. டி.என்.ஏ கரைஞ்சு போகலை. பத்திரமா செல்லுக்குள்ளயே இருந்துச்சு.
டி.என்.ஏ தண்ணியில கரையும், ஆல்கஹால்ல கரையாது. இந்த ஒரே ஒரு குணம்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. மீஷர் அதை அழுக்கு நீக்கப் பயன்படுத்தினார். அக்கா பையன் அதே குணத்தை வெச்சு டி.என்.ஏ-வை வெளிய இழுக்கிறான்.

12/
சரி, ஏன் கரையாது? முதல் கேள்விக்கு வருவோம்.
டி.என்.ஏ ஒரு நீளமான ஏணி. அதோட ரெண்டு பக்கக் கம்பத்துலயும் வரிசையா பாஸ்பேட் இருக்கு. ஒவ்வொரு பாஸ்பேட்டுக்கும் ஒரு நெகட்டிவ் மின்னூட்டம். தண்ணி மூலக்கூறுக்கு மின்னூட்டம்னா கொள்ளைப் பிரியம். ஓடி வந்து சுத்தி நின்னுக்கும். அதனாலதான் டி.என்.ஏ தண்ணியில ஜம்முனு கரையுது.

13/
உப்பு எதுக்கு? உப்புல சோடியம் இருக்கு, அதுக்கு பாசிட்டிவ் மின்னூட்டம். நெகட்டிவ் பாஸ்பேட்டும் பாசிட்டிவ் சோடியமும் ஒண்ணு சேரத் துடிக்கும். ஆனா சேர முடியாது. ரெண்டையும் சுத்தித் தண்ணி கூட்டமா நிக்குது.
கல்யாண மண்டபத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்க முடியாதபடி சொந்தக்காரங்க மொய்ச்சுக்கிட்டு நிப்பாங்கல்ல? அந்த மாதிரி.

14/
அப்போ ஒருத்தர் வந்து "பந்தி போட்டாச்சு, எல்லாரும் வாங்க"ன்னு குரல் கொடுக்கிறார். கூட்டம் கலையுது. பொண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்துல பக்கத்துல உட்கார்றாங்க.
ஆல்கஹால் செய்யறது அதைத்தான். தண்ணியைத் தன் பக்கம் இழுத்துக்குது. மின்னூட்டங்களைப் பிரிச்சு வைக்கிற சக்தி தண்ணிக்கு சுமார் 80-ன்னா எத்தனாலுக்கு சுமார் 25 தான். அதனால சோடியம் போய் பாஸ்பேட்டோட ஒட்டிக்குது. மின்னூட்டம் அடங்கிப்போகுது. தண்ணிக்கு இனிமே டி.என்.ஏ மேல அந்தப் பிடிப்பு இல்லை. டி.என்.ஏ இழைகள் ஒண்ணோட ஒண்ணு திரண்டு வெளிய வந்துடுது.

15/
அதனால உப்பு இல்லாம ஸ்பிரிட்டை மட்டும் ஊத்தினா சரியா வராது. ரெண்டும் சேர்ந்தாத்தான் வேலை நடக்கும்.
ஏன் நூல் நூலா வருது? ஒரு மனித செல்லுல இருக்கிற டி.என்.ஏ-வை நீட்டி அடுக்கினா சுமார் 2 மீட்டர். அவ்வளவு நீளமான இழைகள் பொடியா விழாது. சிக்கு விழுந்த நூல் மாதிரிதான் வரும்.
ஏன் ஜில்லுன்னு இருக்கணும்? டி.என்.ஏ-வை வெட்டித் தள்ளுற என்சைம்கள் செல்லுக்குள்ளயே இருக்கு. குளிர்ல அதுங்க மந்தமாயிடும்.

16/
குளிரோட அருமை மீஷருக்கே தெரியும். சொந்த ஊரான பாஸலுக்குத் திரும்பிய பிறகு, ரைன் நதியில் பிடிபடும் சால்மன் மீனின் விந்தணுவில் இருந்து நியூக்ளின் எடுத்தார். பொருள் கெட்டுப்போகாமல் இருக்க, குளிர்காலத்தில், சூடேற்றாத அறையில், விடியும் முன்பே வேலை தொடங்குவார். 1895-ல் காசநோயால் இறந்தார். வயது 51. தான் கண்டெடுத்த பொருள்தான் பரம்பரைக் குணங்களைக் கடத்துகிறது என்பது அவருக்குத் தெரியாது.

17/
நடுவுல ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். டாஸ்மாக் சரக்கு ஊத்தினா வருமா?
வராது. அதுல ஆல்கஹால் 42.8%. எத்தனை பாட்டில் ஊத்தினாலும் கலவை அந்த அளவைத் தாண்டாது. ஆய்வுக்கூடத்துல ஒரு பங்கு கரைசலுக்கு ரெண்டு, ரெண்டரை பங்கு கெட்டியான எத்தனால் ஊத்தி, 65-70% அளவுக்குக் கொண்டுவருவாங்க.
டாக்டரா ஒரு எச்சரிக்கை: கடையில வாங்குற ஸ்பிரிட் குடிக்கிற பொருள் இல்லை, விஷம். சட்டுனு தீயும் பிடிக்கும். பசங்க செய்யும்போது அடுப்பு எரியக் கூடாது, பெரியவங்க பக்கத்துல இருக்கணும்.

18/
இப்போ ரெண்டாவது கேள்வி. குச்சியில வந்தது டி.என்.ஏ தானா?
மேல சொன்னதைத் திரும்பப் படிங்க. ஆல்கஹாலுக்கு டி.என்.ஏ-வை அடையாளமே தெரியாது. அது தண்ணியோட பிடியைத் தளர்த்துது, அவ்வளவுதான். தண்ணியை நம்பிக் கரைஞ்சிருக்கிற எதுவும் அதோட சேர்ந்து வெளிய வரலாம். புரதம் வரும். நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் வரும்.
இதே சந்தேகம்தான் நியூயார்க்ல ஒரு டாக்டரைப் பாடாப் படுத்துச்சு.

19/
அவர் பெயர் ஆஸ்வால்ட் ஏவரி. நம்மைப் போல மருத்துவம் படித்தவர். 1913-ல் இருந்து ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தின் மருத்துவமனையில் வேலை. அவருடைய வாழ்நாள் எதிரி நிமோனியா. அதை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியில் ரெண்டு ரகம் உண்டு. சர்க்கரைச் சங்கிலியால் ஆன உறை போட்டது ஒன்று, அது கொல்லும். உறை இல்லாதது இன்னொன்று, அது சாது. அந்த உறை சர்க்கரைதான் என்று 1923-ல் காட்டியதே ஏவரியும் ஹைடல்பெர்கரும்தான்.

20/
1928-ல் லண்டனில் ஃபிரெடெரிக் கிரிஃபித் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். சூடேற்றிக் கொன்ற உறைக் கிருமியையும் உயிருள்ள சாதுக் கிருமியையும் சேர்த்து எலிக்கு ஊசி போட்டார். தனித்தனியாகப் போட்டால் எலி பிழைக்கும். சேர்த்துப் போட்டால் செத்தது. செத்த எலிக்குள் உயிரோடு உறைக் கிருமிகள் இருந்தன. அவற்றின் வாரிசுகளுக்கும் உறை இருந்தது. செத்த கிருமியில் இருந்து ஏதோ ஒன்று உயிருள்ள கிருமிக்குள் போய் அதன் பரம்பரையையே மாற்றியிருக்கிறது!

21/
அந்த 'ஏதோ ஒன்று' என்ன? ஏவரி முதலில் கிரிஃபித்தை நம்பவில்லை. ஆனால் அவருடைய கூடத்திலேயே திரும்பச் செய்தபோதும் அதே முடிவு. 1930-களின் தொடக்கத்தில் அங்கே வேலை செய்த லயனல் அல்லோவே, கிருமியை உடைத்து வடிகட்டிய சாற்றில் ஆல்கஹால் ஊற்றினார். கெட்டியான பாகு போல ஒன்று படிந்தது. மாற்றும் சக்தி அந்தப் பாகில் இருந்தது. எலி வேண்டாம், உயிருள்ள உறைக் கிருமி வேண்டாம், அந்தப் பாகு போதும்.
ஆனா பாகுல என்னென்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?

22/
பிறகு காலின் மெக்லியாடும் மெக்லின் மெக்கார்ட்டியும் ஏவரியோடு சேர்ந்து அந்தப் பாகைப் படிப்படியாகச் சுத்தம் செய்தார்கள். குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கிப் புரதத்தை நீக்கினார்கள். சர்க்கரை உறையை ஒரு என்சைமால் கரைத்தார்கள். சக்தி குறையவில்லை. கடைசியில், மிஞ்சிய கரைசலைக் கலக்கிக்கொண்டே ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள்.

23/
கரைசலுக்குச் சமமான அளவை ஆல்கஹால் நெருங்கும்போது அது நடக்கும். தெளிவாக இருந்த கரைசலில் திடீரென வெள்ளை இழைகள் தோன்றி, கலக்கும் கண்ணாடிக் குச்சியில் தானாகவே சுற்றிக்கொள்ளும். பஞ்சுமிட்டாய்க்காரர் குச்சியைச் சுழற்றும்போது சுற்றிக்கொள்ளுமே, அந்த மாதிரி. மாற்றும் சக்தி முழுவதும் அந்த இழையில் இருந்தது.

24/
வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். ஏவரி நிறுத்தவில்லை. "வந்தது என்ன?" என்று கேட்டார்.
நைட்ரஜனும் பாஸ்பரஸும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தார்கள். டி.என்.ஏ-வுக்கு எதிர்பார்க்கும் 1.69-ஐ ஒட்டியே வந்தது.
புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினைப் போட்டார்கள். சக்தி போகவில்லை.
ஆர்.என்.ஏ-வை உடைக்கும் என்சைம். சக்தி போகவில்லை.
டி.என்.ஏ-வை உடைக்கும் என்சைம் உள்ள சாறுகளைப் போட்டார்கள். சக்தி போய்விட்டது!

25/
1944 பிப்ரவரியில் கட்டுரை வந்தது. ஏவரிக்கு அப்போது 66 வயது. அவர்களுடைய பொருளை 60 கோடியில் ஒரு பங்காக நீர்த்துப்போகச் செய்தாலும் கிருமியை மாற்றியது.
இவ்வளவும் செஞ்சு, நோபல் பரிசு கிடைச்சதா? இல்லை. 1955-ல் பரிசு இல்லாமலேயே இறந்துபோனார்.

26/
ஏன்? அதே ரெண்டாவது கேள்விதான். ராக்ஃபெல்லர் கழகத்திலேயே வேலை செய்த ஆல்ஃபிரட் மிர்ஸ்கி விடாமல் கேட்டார்: குச்சியில் வந்ததில் ஒரு சதவீதமோ ரெண்டு சதவீதமோ புரதம் ஒட்டியிருந்தால்? வேலையைச் செய்தது அதுவாக இருந்தால்?
அக்காலத்தில் பலரும் டி.என்.ஏ-வை நாலே எழுத்து திரும்பத் திரும்ப வரும் சலிப்பான பொருளாக நினைத்தார்கள். இருபது வகை அமினோ அமிலங்களால் ஆன புரதம்தான் பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் என்று நம்பினார்கள்.

27/
மிர்ஸ்கியை வில்லனாக்கிக் கதை சொல்வது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கேள்வி நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியால்தான் வேலை இன்னும் சுத்தமானது. 1946-ல் மெக்கார்ட்டியும் ஏவரியும் டி.என்.ஏ-வை உடைக்கும் என்சைமைச் சுத்தமாகப் பிரித்து மறுபடி சோதித்தார்கள். அதற்குப் பிறகு ராலின் ஹாட்ச்கிஸ், புரதக் கலப்படத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து காட்டினார். 1952-ல் ஹெர்ஷியும் சேஸும் வைரஸை வைத்துச் செய்த சோதனை, 1953-ல் வாட்சன்-கிரிக் இரட்டைச் சுருள். அதன் பிறகு சந்தேகப்பட ஆளில்லை.
கேள்வி நியாயமானது. ஆனா பதில் வந்த பிறகும் ஒத்துக்க அவ்வளவு வருஷம் எடுத்துக்கிட்டதுதான் நியாயமில்லை.

28/
இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2020-ல உங்க மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்கல்ல, அந்த கொரோனா டெஸ்ட்லயும் இதே வேலைதான். அது ஆர்.என்.ஏ வைரஸ். ஆனா அதே பாஸ்பேட், அதே நெகட்டிவ் மின்னூட்டம். பல கிட்களில் உப்பும் ஆல்கஹாலும் சேர்ந்துதான் ஆர்.என்.ஏ-வைச் சிலிக்காவில் ஒட்ட வைக்கும். பிறகு ஆல்கஹால் கலந்த நீரால் கழுவுவார்கள். அழுக்கும் உப்பும் போய்விடும், ஆர்.என்.ஏ கரையாமல் அங்கேயே நிற்கும். 1869-ல் மீஷர் கழுவிய அதே தத்துவம்.

29/
கழுவின ஆல்கஹால் மிச்சம் இருந்தா பி.சி.ஆர் கெட்டுப்போகும். இருக்கிற வைரஸ் இல்லைன்னு வந்துடலாம். அதனாலதான் பல கிட்ல வைரஸோட சேர்த்து ஒரு மனித மரபணுவையும் தேடுவாங்க. அது கூட வரலைன்னா, "வைரஸ் இல்லை"ன்னு அர்த்தம் இல்லை, "சாம்பிள் சரியா எடுக்கலை, இல்லைன்னா சரியா பிரிக்கலை"ன்னு அர்த்தம். திரும்ப எடுக்கணும்.
"வந்தது எது? வராதது ஏன்?"னு ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் மிஷினே கேட்டுக்கிற மாதிரி ஏற்பாடு.

30/
இன்னொண்ணு. நிமோனியாவுக்கு எதிரா குழந்தைங்களுக்கு இப்போ ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா போடுற பி.சி.வி தடுப்பூசி இருக்குல்ல? 2021-ல நம்ம தமிழ்நாட்டுல சேர்த்தாங்க. அதுக்குள்ள இருக்கிறது நிமோகாக்கஸோட அதே சர்க்கரை உறைதான், ஒரு புரதத்தோட இணைச்சது. ஏவரி நூறு வருஷத்துக்கு முன்னாடி சர்க்கரைன்னு கண்டுபிடிச்ச உறை. தடுப்பூசி அட்டையில அந்தக் கட்டத்துல டிக் இருக்கான்னு எடுத்துப் பாருங்க.

31/
இதையெல்லாம் படிச்சுட்டு அடுத்த நாள் சாயங்காலம் அக்கா பையனுக்குப் போன் பண்ணினேன்.
"மாப்ள, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. புக்ல போட்டிருக்குங்கிறது பதிலே இல்லை."
முதல் கேள்விக்குக் கல்யாண மண்டபக் கதையைச் சொன்னேன். சிரிச்சான். ரெண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொன்னேன்: "உன் குச்சியில வந்ததுல டி.என்.ஏ இருக்கு. ஆனா அது மட்டும் இல்லை. வாழைப்பழத்துல பெக்டின்னு ஒரு சர்க்கரைச் சங்கிலி நிறைய இருக்கு. அதுவும் ஸ்பிரிட்ல திரண்டு வரும். புரதமும் இருக்கும். நீ பார்த்ததுல எவ்வளவு எதுன்னு வீட்டுல வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது."

32/
"அப்போ சார்ட்ல டி.என்.ஏன்னு எழுதினா பொய்யா மாமா?"
"பொய் இல்லை. பாதி உண்மை. மீதியையும் எழுதிடு."
கண்காட்சி அன்னிக்கு அக்கா போட்டோ அனுப்பினாங்க. டம்ளருக்குக் கீழ கொட்டை எழுத்துல ஒரு வரி: 'வாழைப்பழத்தின் டி.என்.ஏ. இதோடு பெக்டினும் புரதமும் கலந்திருக்கும்.'
அந்த வரியைப் படிச்சிருந்தா ஏவரி சந்தோஷப்பட்டிருப்பார்னு நினைக்கிறேன். மிர்ஸ்கியும்தான்.

33/
உங்க வீட்டுப் பசங்க "ஏன்"னு கேட்டா, "அது அப்படித்தான்"னு சொல்லிடாதீங்க. தெரியலைன்னா "தெரியலைடா, பார்த்துச் சொல்றேன்"னு சொல்லுங்க. சொல்லிட்டு நிஜமாவே பாருங்க.
சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. எனக்குத் தெரியலைன்னா, பார்த்துச் சொல்றேன்.